நன்றி ஆண்டவரே, என்னை இப்படிப் படைத்ததற்கு

ஃப்ளானரி ஓ'கானரின் சிறுகதைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "மதப் போலித்தனத்தைத் தோலுரித்தவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பக்தி வேஷம் போடுகிறவனைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். இவர் எழுதியது பெரும்பாலும் வேஷம் போடாதவர்களைப் பற்றி. மனதார ஜெபிக்கிறவர்கள், மனதார ஆண்டவருக்கு நன்றி சொல்கிறவர்கள், ஏழைக்குக் கொடுத்து உதவுகிறவர்கள், அந்த நன்றிக்குள்ளேயே அடுத்தவன் தலைமேல் காலை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். வேலூர் மறைமாவட்டத்தில் ஞானஸ்நானம் வாங்கி, இங்கேயே வளர்ந்து, இப்போதும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்ற முறையில் இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1925-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானாவில் பிறந்தார். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம், ஆனால் சுற்றிலும் பாப்டிஸ்டுகள், மெதடிஸ்டுகள் என்று முழுக்க புராட்டஸ்டன்ட் உலகம். பதினைந்து வயதில் அப்பாவை லூபஸ் என்ற நோய்க்குப் பறிகொடுத்தார். இருபத்தைந்து வயதில் அதே நோய் அவரையும் பிடித்தது. அதன்பிறகு மில்லட்ஜ்வில் ஊருக்குப் பக்கத்தில் அம்மாவின் பண்ணையிலேயே இருந்துவிட்டார், மயில் வளர்த்தார், கட்டை ஊன்றி நடந்தார், பூசைக்குப் போனார், எழுதினார். 1964-இல் 39 வயதில் இறந்துபோனார். இரண்டு நாவல்கள், முப்பது சொச்சம் சிறுகதைகள், அவ்வளவுதான். முதல் நாவல் வந்தது 1952-இல். நம் மறைமாவட்டம் உருவானதும் அதே வருஷம்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர் மதத்தை வெளியே நின்று கல்லால் அடித்தவர் இல்லை. ஒரு விருந்தில் யாரோ நற்கருணையை, பூசையில் கிறிஸ்துவின் உடலாக நாங்கள் வாங்கும் அப்பத்தை, அழகான ஒரு குறியீடு என்று பாராட்டியபோது, அது வெறும் குறியீடுதான் என்றால் அது நாசமாய்ப் போகட்டும் என்று சொன்னவர். விசுவாசம் அவருக்கு அந்த அளவுக்கு உயிர். அதனால்தான் அவர் கதைகளில் விசுவாசிகளுக்கு விழும் அடி நாத்திகன் அடிக்கிற அடியைவிட ஆழமாக இறங்குகிறது.

சாதாரண வகைப் போலிக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது, 'குட் கன்ட்ரி பீப்பிள்'. வீடு வீடாக பைபிள் விற்கும் பையன் ஒருவன் வருகிறான். வெள்ளந்தியான கிராமத்துப் பிள்ளை மாதிரிப் பேசுகிறான். அந்த வீட்டுப் பெண் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள், கடவுள் இல்லை என்பவள், ஒரு கால் மரக்கால். வைக்கோல் பரணுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவன் ஒரு பைபிளைத் திறந்தால் உள்ளே குடைந்து வைத்திருக்கிறது, விஸ்கி, சீட்டுக்கட்டு, ஆணுறைப் பெட்டி. கடைசியில் அவள் மரக்காலையே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். எல்லோரும் இந்தப் பையனைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட மனதில் தைத்தது அவளுடைய அம்மா சொல்லும் ஒரு சின்னப் பொய். பைபிள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவன் பேச்சை இழுக்கும்போது, என் பைபிள் எப்போதும் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்கிறாள் அந்த அம்மா. உண்மையில் அது பரண்மேல் எங்கோ கிடக்கிறது. ஊரை ஏமாற்றுகிறவனுக்கும் நல்ல குடும்பத்துப் பெண்மணிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை இந்த ஒரு பொய்யிலேயே அளந்து காட்டிவிடுகிறார்.

ஆனால் நான் எழுத வந்தது 'ரெவலேஷன்' கதையைப் பற்றி. சாகப்போகிற வருஷம் அச்சில் வந்த கதை.

ஒரு டாக்டரின் காத்திருப்பு அறை. திருமதி டர்பின் கணவனோடு வருகிறாள், அவனை மாடு உதைத்துக் காலில் புண். பெரிய உடம்புக்காரி, சிறிய நிலமும் பன்றிப் பண்ணையும் வைத்திருப்பவள். உட்கார்ந்ததும் அறையில் உள்ளவர்களின் காலைப் பார்க்கிறாள். நாகரிகமான ஒரு பெண்மணி உடைக்குப் பொருத்தமாக சிவப்பும் சாம்பலும் கலந்த செருப்பு போட்டிருக்கிறாள். தன் காலில் நல்ல கறுப்புப் பளபளப்புத் தோல் ஷூ. எதிரே முகம் முழுக்கப் பருவோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிற கல்லூரிப் பெண்ணுக்கு சாரணியர் ஷூவும் தடித்த காலுறையும். ஓர் ஏழை வெள்ளைக்காரிக்கு வீட்டுக்குள் போடுகிற செருப்பு, அதில் தங்கநிறப் பின்னல். செருப்பை வைத்தே யார் எந்தப் படியில் என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். இதை எழுதியவர் ஜார்ஜியாக்காரர் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஒரு கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்கிற நம் சொந்தக்காரர் யாரையோ பார்த்து எழுதியதுபோல இருந்தது.

ராத்திரி தூக்கம் வராவிட்டால் அவள் மனிதர்களை அடுக்குவாள். அடியில் கறுப்பர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் ஏழை வெள்ளையர்கள், மேலே சொந்த வீடு உள்ளவர்கள், அதற்கும் மேலே வீடும் நிலமும் உள்ளவர்கள், அங்கேதான் அவளும் கணவனும். அதற்கு மேலே பணக்காரர்கள். ஆனால் பணம் இருந்தும் தரமில்லாதவர்கள், தரமிருந்தும் பணம் போனவர்கள், நிலம் வைத்திருக்கும் கறுப்பர்கள் என்று வரவர அடுக்கு குழம்பிப்போய், கடைசியில் எல்லோரும் ஒரு சரக்கு ரயில் பெட்டியில் நெருக்கியடித்து விஷவாயு உலைக்குப் போவதாகக் கனவு வரும். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு உதறியது. ஒரு பக்தியுள்ள அம்மாவின் தூக்கக் கலக்கத்து அடுக்கலில் இருந்து நாஜி உலை வரைக்கும் ஒரே பத்தியில் போகிறார், இடையில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

இன்னொன்றும் யோசிப்பாள். படைப்பதற்கு முன் இயேசு தன்னிடம் வந்து, கறுப்புப் பெண்ணாகவோ ஏழை வெள்ளைக்காரியாகவோதான் பிறக்க முடியும், எது வேண்டும் என்று கேட்டிருந்தால்? கெஞ்சிப் பார்த்துவிட்டு, சரி, கறுப்பாகவே படையுங்கள், ஆனால் தரம்கெட்டவளாக வேண்டாம் என்றிருப்பாள். அவரும் சுத்தமான, மரியாதையான ஒரு கறுப்புப் பெண்ணாக, அதாவது அவளையே நிறம் மட்டும் மாற்றிப் படைத்திருப்பார். கடவுளோடு பேரம் பேசும்போதுகூட தன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அறையில் பேச்சு வளர்கிறது. எதிரே இருக்கும் பெண் புத்தகத்துக்கு மேலாக அவளையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். திருமதி டர்பினுக்கோ உள்ளம் பொங்குகிறது, நான் யார் யாராகவோ பிறந்திருக்கலாமே, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து என்னை இப்படிப் படைத்தாரே என்று. நன்றி இயேசுவே, நன்றி என்று வாய்விட்டே கத்துகிறாள். சரியாக அந்த நொடியில் புத்தகம் பறந்து வந்து அவளுடைய இடது கண்ணுக்கு மேலே அடிக்கிறது. கவனியுங்கள், அவள் யாரையும் திட்டும்போது அடி விழவில்லை, ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது விழுகிறது.

அந்தப் பெண் பாய்ந்து வந்து கழுத்தையும் நெரிக்கிறாள். பிடித்து ஊசி போடுகிறார்கள். திருமதி டர்பின் குனிந்து, என்னிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கிறாள். நீ வந்த நரகத்துக்கே திரும்பிப் போ, கிழட்டுக் காட்டுப்பன்றியே என்கிறது பதில்.

இதன்பிறகுதான் இந்தக் கதை வேறு எங்கும் படிக்காத ஒன்றாக மாறுகிறது. சாதாரணமாக ஒரு நல்ல குடும்பத்து அம்மா என்ன செய்வாள்? அந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் என்று சொல்லி மறந்துவிடுவாள். இவள் மறக்கவில்லை. இது தனக்கு மேலிருந்து வந்த செய்தி என்று எடுத்துக்கொள்கிறாள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அறையில் எனக்கு எதற்கு இதைச் சொல்ல வேண்டும், சொல்லத் தகுந்தவர்கள் அங்கேயே இருந்தார்களே என்று புழுங்குகிறாள். வயலில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்களிடம் சொன்னால் அவர்கள் உங்களைப் போல நல்லவர் உண்டா என்று புகழ்கிறார்கள், அந்தப் புகழ்ச்சிக்கு என்ன மதிப்பு என்பது அவளுக்கே தெரியும். சாயங்காலம் பன்றிக் கொட்டகைக்குப் போய் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கடவுளோடு சண்டை போடுகிறாள். நான் எப்படிப் பன்றியாகவும் நானாகவும் இருக்க முடியும்? மீட்கப்பட்டவளும் நான், நரகத்திலிருந்து வந்தவளும் நானா? என்னோடு இப்படிப் பேச நீர் யார் என்றே கத்திவிடுகிறாள். இப்படிச் சண்டை போடுகிறவளைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பைபிளில் கடவுளோடு வழக்காடிய யோபுவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

வேலூர்க்காரனுக்குக் காத்திருப்பு அறை என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டாம். இந்த ஊரே பாதி காத்திருப்பு அறைதான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரிப்போர்ட் கட்டோடு வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், சித்தூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், நாம். ஒருமுறை அப்பாவின் பரிசோதனைக்காகக் காத்திருந்தபோது எங்களுக்கு முன்வரிசையில் நம்மூர் அம்மா ஒருவர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு வடநாட்டுக் குடும்பம் வந்து உட்கார்ந்தது, களைத்துப்போய் இருந்தார்கள், அந்தப் பெண் மடியில் செய்தித்தாளை விரித்துப் பொரியும் வெங்காயமும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தாள். அம்மா கைப்பையை இந்தப் பக்கம் மாற்றினார், முந்தானையை இழுத்துச் செருகினார், உடம்பை ஒரு சாண் நகர்த்தினார். விரலில் மணி நகர்ந்துகொண்டே இருந்தது, ஒரு அருள்நிறைந்த மரியேகூடத் தடைபடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் அப்பாவுக்காகவும் செபமாலையில் ஒரு பத்துமணி சொல்லி வேண்டிக்கொள்கிறேன் என்று சொன்னவர், சொன்னபடி செய்தும் இருப்பார். அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

சரி, மருத்துவமனை ஒரு பொது இடம். கோயிலுக்கு வருவோம்.

எங்கள் பாட்டி ஊர் பழைய வடஆற்காட்டில் ஒரு கிராமம். ஊர்த்தெருவிலும் கத்தோலிக்கர், காலனியிலும் கத்தோலிக்கர், எண்ணிக்கையில் காலனிதான் பெரிது. கோயில் ஒன்று, கல்லறை இரண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று முந்தின நாளே போய் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும் வைத்துக் காத்திருப்போம். சாமியார் முதலில் ஊர்த்தெருக் கல்லறையை மந்திரிப்பார், ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளிப்பார், பெயர் சொல்லி ஜெபிப்பார். அங்கே முடித்துவிட்டு அந்தாண்ட கல்லறைக்குப் போவதற்குள் இருட்டிவிடும், வத்தி பாதி எரிந்திருக்கும். நான் பள்ளியில் படிக்கும்போது ஏன் இரண்டு என்று என் பெரியப்பாவைக் கேட்டேன். கோபப்படவில்லை, பொறுமையாகச் சொன்னார்: "ஆண்டவரு நம்மள ஒரு நெலமையில வெச்சிருக்காருப்பா, அத நாம காப்பாத்திக்கினு போவணும், அவங்கள ஒண்ணும் நாம கெட்டவங்கன்னு சொல்லலியே." அவர் காலனிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். மழைக்காலத்தில் கூரை போனவர்களுக்குத் தென்னங்கீற்று இறக்கிக் கொடுத்தவர். திருமதி டர்பினும் அப்படித்தான், கறுப்பரோ வெள்ளையரோ, கஷ்டப்படுகிறவருக்கு உதவுவது தன் வாழ்க்கைக் கொள்கை என்கிறாள், அதை உண்மையாகவே செய்கிறாள்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. தமிழகக் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) 1990-இலேயே தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். 2003-இல் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தே பேசினார். அதற்குப் பிறகும் 2008-இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு (தனிக் கோயில் நிர்வாகம்) கேட்டதில் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அடித்துக்கொண்ட இரண்டு பக்கமும் ஒரே செபமாலை மாதாவின் பிள்ளைகள். சுற்றறிக்கைகளால் இது ஏன் மாறவில்லை என்று கேட்டால், சுற்றறிக்கை பாவம் செய்கிறவனைப் பார்த்துப் பேசுகிறது, நம் ஆட்களோ தாங்கள் செய்வதைப் பாவமாகவே நினைக்கவில்லை, ஆண்டவர் கொடுத்த நிலையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த நினைப்பின்மேல் கைவைக்க ஒரு கதையால் முடியும்.

'தி டிஸ்பிளேஸ்டு பெர்சன்' கதையில் இது இன்னும் பச்சையாக வருகிறது. போருக்குப் பிறகு போலந்திலிருந்து அகதியாக வந்த ஒரு கத்தோலிக்கனை, ஒரு வயதான பாதிரியார் கொண்டுவந்து ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்க்கிறார். நன்றாக உழைக்கிறான், அதனால் மற்ற எல்லோருக்கும் ஆகாதவனாகிறான். முகாமில் கிடக்கும் தன் சொந்தக்காரப் பெண்ணை எப்படியாவது இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று பண்ணையில் வேலை செய்யும் ஒரு கறுப்பு இளைஞனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்கிறான், அங்கேதான் பண்ணைக்காரி உடைகிறாள். பாதிரியார் கிறிஸ்துவைப் பற்றிப் பேசினால் அவளுக்கு எரிச்சல், கிறிஸ்துவும் இன்னொரு அகதிதான் என்கிறாள். கடைசியில் ஒரு டிராக்டர் உருண்டு வருகிறது, கீழே படுத்து வேலை பார்க்கும் போலந்துக்காரனைக் கத்திக் கூப்பிட மூன்று பேருக்கு நேரம் இருக்கிறது. மூன்று பேருடைய கண்ணும் ஒருமுறை சந்தித்துக்கொள்கின்றன, யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் கொலை செய்யவில்லை, எல்லோரும் கொன்றார்கள். கல்லறையை இரண்டாகப் பிரித்த கோட்டை யார் போட்டது என்று எங்கள் ஊரில் கேட்டாலும் ஒருவர் பெயரும் வராது.

ஓ'கானரையும் விட்டுவிட முடியாது. அவருடைய கடிதங்களில் கறுப்பர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பவை படிக்கக் கசப்பானவை. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவினை ஜார்ஜியாவில் சந்திக்க முடியாது என்று 1959-இல் ஒரு தோழிக்கு எழுதினார், நியூயார்க்கில் என்றால் பரவாயில்லையாம், ஊர் வழக்கத்தை மீற அவருக்கு மனமில்லை. இதெல்லாம் பெரிதாகப் பேசப்பட்டு 2020-இல் மேரிலாந்தில் உள்ள லொயோலா பல்கலைக்கழகம் விடுதி ஒன்றுக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்துவிட்டது. எனக்கு இது வலித்தது. அதற்காகக் கதைகளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை, கடிதங்களை மன்னித்துவிடவும் வரவில்லை. தன்னிடமே இருந்த நோயைத்தான் அவர் கதையில் அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். எல்லா இடத்திலும் அவரால் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. எங்கள் பெரியப்பாவைப் பற்றியும் நான் இப்படித்தான் நினைக்கிறேன்.

1958-இல், பிரான்சின் லூர்தில் மாதா காட்சி தந்ததன் நூறாவது வருஷத்தில், சொந்தக்கார அம்மா ஒருவர் செலவு செய்து ஓ'கானரை அங்கே அனுப்பினார். அவருக்குப் போக விருப்பமே இல்லை. போய்க் குளித்தார். என் எலும்புகளுக்காக வேண்டவில்லை, எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன் என்று பிறகு எழுதினார். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கு நாங்கள் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

போன வருஷம் அங்கே போய்விட்டு வரும் வழியில், வேனில், என் அத்தைக்கு 'ரெவலேஷன்' கதையைச் சொன்னேன். அத்தை மரியாயின் சேனை என்ற ஜெபக் குழுவில் இருப்பவர், கல்லறை விஷயத்தில் பெரியப்பா கட்சி. பன்றிக் கொட்டகை வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். முடிவைச் சொன்னேன். பொழுது சாய்கிற வானத்தில் ஒரு பாதை தெரிகிறது, அதில் ஆத்துமாக்கள் கும்பலாக மோட்சத்துக்குப் போகின்றன, முன்னால் அவள் கேவலமாக நினைத்த ஏழை வெள்ளையர்கள், வாழ்க்கையில் முதல்முறையாகச் சுத்தமாக. வெள்ளை அங்கியில் கறுப்பர்கள். பைத்தியங்களும் ஊனமுற்றவர்களும் கத்திக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் தவளை மாதிரி குதித்துக்கொண்டும். வரிசையின் கடைசியில் அவளையும் கணவனையும் போன்றவர்கள், ஒழுங்காக, கம்பீரமாக. அவர்கள் மட்டும்தான் சுருதி பிசகாமல் பாடுகிறார்கள். ஆனால் அவர்களுடைய நல்ல குணங்களும் எரிந்துபோய்க்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் முகத்தில் தெரிகிறது.

அத்தை கொஞ்சநேரம் கழித்து, "கடைசில வந்தாலும் அவங்களும் மோட்சத்துக்குத்தான போறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ முன்னாடி போறவங்க பின்னாடிதான் நடந்து போவணும்" என்றார். இந்தக் கதையைப் பற்றிப் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நேராக ஒருவரும் சொல்லி நான் பார்க்கவில்லை. பாவம் எரிந்துபோகும் என்று மோட்சத்துக்கு முன் ஆத்துமா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். புண்ணியமும் எரிய வேண்டும், நோட்டுப் புத்தகமும் தென்னங்கீற்றும் செபமாலையும் சேர்த்து, அவற்றைச் செய்தவன் தன்னைப் பற்றி வைத்திருந்த நினைப்போடு எரிய வேண்டும் என்று எனக்குச் சொன்னது இந்தக் கதைதான்.

படிக்க நினைப்பவர்கள் பலரும் 'எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்' கதையில் தொடங்குகிறார்கள், பெயர் பெற்ற கதை அதுதான். ஒரு குடும்பம் முழுவதும் சுட்டுக் கொல்லப்படுகிறது, அந்த அதிர்ச்சியில் பாட்டியின் கடைசி நொடி கண்ணில் படாமல் போய்விடும். 'ரெவலேஷன்' முதலில், பிறகு 'தி டிஸ்பிளேஸ்டு பெர்சன்', அதற்கப்புறம் 'எ குட் மேன்' கதைக்குப் போங்கள். 1971-இல் வந்த முழுத் தொகுப்பில் எல்லாமே இருக்கிறது. ஆங்கிலம் பெரிய கஷ்டம் இல்லை, தெற்கத்திப் பேச்சுவழக்கு மட்டும் முதல் சில பக்கங்களுக்குத் தடுக்கும். நான் 'ரெவலேஷன்' கதையை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறேன், அக்டோபர் முடிவதற்குள், கல்லறைத் திருநாளுக்கு முன்னால்.